.308 ரைஃபிள் திடீரென்று சிதறுகிறது: ஸ்கோப்பா, பேரலா, ஸ்டாக்கா?

கானகன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மெல்லிய ஸ்போர்ட்டர் பேரல், வால்நட் ஸ்டாக் (பேரலைத் தாங்கும் மரக்கட்டை), ட்விஸ்ட் 1:10 (குண்டு பேரலுக்குள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும்). மேலே 3-9x40 ஸ்கோப். எப்போதும் 165 கிரெய்ன் (சுமார் 10.7 கிராம்) குண்டு வைத்த சாஃப்ட் பாயின்ட் தோட்டாதான் போடுகிறேன். போன வேட்டை சீசன் வரை 100 மீட்டரில் ஐந்து குண்டும் 4 செ.மீ-க்குள் விழும். இப்போது 9, 10 செ.மீ என்று விரிகிறது. பேரலைத் துடைத்துப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. ரேஞ்சில் ஒருவர் பேரல் தேய்ந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் ஸ்கோப் போய்விட்டது என்கிறார். சீசன் நெருங்குகிறது. விலங்கின் நெஞ்சுக்குக் குறி வைத்தால் வயிற்றில் போய்ப் படக்கூடிய துப்பாக்கியோடு காட்டுக்குள் போக எனக்கு மனம் வராது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பட்டறைக்காரன்:
முதலில் ஒன்று: எதையும் வாங்காதீர்கள். பேரல் ஒரே சீசனில் இப்படித் தேயாது. .308 பேரல் பல்லாயிரம் குண்டு தாங்கும், வேட்டைக்காரர் கையில் அது தேய்ந்து போவது அபூர்வம். நேற்றுவரை நன்றாகச் சுட்டது இன்று திடீரென்று சிதறினால் ஏதோ தளர்ந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ உரசுகிறது. காசில்லாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்து முடியுங்கள்.

தோட்டாவை இறக்கி, போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற வேலை.

அடுத்து ஸ்க்ரூக்கள். ஸ்கோப் ரிங்கை மட்டும் இறுக்கிவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் நிறைய. ரிங்குக்குக் கீழே பேஸ் இருக்கிறது, அதை ரிசீவரோடு (பேரலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் உலோகப் பகுதி) பிடிக்கும் ஸ்க்ரூக்கள் ஸ்கோப்பைக் கழற்றினால்தான் கைக்கு வரும். தளர்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். பிறகு ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த பகுதி) சேர்த்துப் பிடிக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள், முன்னும் பின்னும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ரிங் ஸ்க்ரூவுக்கு 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர் வழக்கமான அளவு. ஆக்‌ஷன் ஸ்க்ரூவுக்கு, வெறும் மரத்தில் உட்காரும் ஸ்டாக் என்றால் 4.5 நியூட்டன் மீட்டர் பக்கம், உள்ளே அலுமினியத் தூண் வைத்த ஸ்டாக் என்றால் 7 பக்கம். தயாரிப்பாளர் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. வெறும் மரத்தில் 7 வரை இறுக்கினால் மரம் நசுங்கி, சில நாளில் மறுபடி தளரும்.

தொலைநோக்கி:
ஸ்கோப்பை மாற்றிப் பாருங்கள். நன்றாகச் சுடும் வேறு ரைஃபிளில் இருந்து ஒன்றை எடுத்துப் போட்டு ஐந்து குண்டு சுட்டால் விஷயம் தெரிந்துவிடும். என் ஸ்கோப் உள்ளே உடைந்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் குறுக்குக்கோடு கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

தேன்மொழி:
ஸ்கோப்பை மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். அதற்கு முன்னால், இலக்குத்தாளே நிறையச் சொல்லும். கானகன் அண்ணா, குண்டுகள் எந்த வரிசையில் எங்கே விழுந்தன என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்து, கையில் இருக்கும் இன்னொரு தாளில் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போங்கள். எண் இல்லாத க்ரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) பாதி தகவல்தான்.

குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஸ்கோப்போ ஆக்‌ஷனோ இரண்டு நிலைகளுக்கு இடையே ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். வரிசையாக ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் பேரல் சூடாகச் சூடாக எதன் மேலோ முட்டுகிறது. கிடைமட்டமாக விரிந்தால் காற்று, இல்லையென்றால் ட்ரிகரைப் பக்கவாட்டில் இழுக்கும் விரல். எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லாப் பக்கமும் சிதறினால் தோட்டா, க்ரௌன் (பேரல் முனையின் விளிம்பு), ஸ்கோப் மூன்றையும் பார்க்க வேண்டும். இது முடிந்த முடிவு இல்லை, எதை முதலில் சோதிப்பது என்பதற்கான வழி.

இன்னொன்று. மூன்று குண்டு க்ரூப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும் எண்ணிக்கை கூடக் கூட க்ரூப் விரியும், அது கணக்கின் இயல்பு. மூன்று குண்டுக்குச் சராசரி 3 செ.மீ என்றால் ஐந்துக்கு 3.8, பத்துக்கு 4.7 பக்கம் வரும். அதனால் இன்று மூன்று, நாளை ஐந்து என்று சுட்டு ஒப்பிட்டால் இல்லாத கோளாறு தெரியும், இருக்கிற கோளாறு மறையும். எப்போதும் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேங்கைமரம்:
தோட்டாப் பெட்டி புதிதா? லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் மாறியிருக்கிறதா? ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் லாட் மாறினால் குறி மாறலாம்.

கானகன்:
எல்லோருக்கும் நன்றி. பெட்டி பழைய லாட்தான், போன சீசனில் வாங்கி வைத்தது. எனவே தோட்டாவைத் தள்ளி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

தேன்மொழி சொன்ன மாதிரி எண் போட்டுச் சுட்டேன். முதல் இரண்டு குண்டும் கிட்டத்தட்ட ஒட்டி விழுந்தன. மூன்றாவது கொஞ்சம் மேலே, வலப்பக்கம். நான்காவது, ஐந்தாவது இன்னும் மேலே, இன்னும் வலது. பேரலை முழுக்க ஆறவிட்டு மறுபடி சுட்டால் முதல் குண்டு பழைய இடத்துக்கே வருகிறது. அதன் பிறகு அதே ஏறுமுகம்.

ஸ்க்ரூக்களையும் பார்த்தேன். ஸ்கோப் பேஸ், ரிங் எல்லாம் உறுதி. பின்பக்க ஆக்‌ஷன் ஸ்க்ரூ மட்டும் கால் சுற்று திரும்பியது. இறுக்கிய பிறகும் சிதறல் அப்படியேதான் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
அருமை, இந்த விவரம்தான் வேண்டும். குளிர்ந்த பேரலில் முதல் குண்டு ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால் ஸ்கோப் மேல் சந்தேகம் பெருமளவு குறைகிறது. உடைந்த ஸ்கோப் பேரலின் சூட்டைப் பார்த்து நகராது.

ஒரு தாளை நீளமாக வெட்டி, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஃபோர்எண்ட் (ஸ்டாக்கின் முன்பகுதி) முனையில் விட்டு, ரிசீவர் வரை இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே நிற்கிறது? ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள் இறுகிய நிலையில்தான் பார்க்க வேண்டும். அப்படியே ஃபோர்எண்டைக் கையால் பேரலோடு சேர்த்து அழுத்தியும் பாருங்கள். சாதாரணமாகத் தாள் தாராளமாகப் போகும், மணல் மூட்டையில் வைத்ததும் ஃபோர்எண்ட் வளைந்து பேரலைத் தொட்டுவிடும். மெல்லிய ப்ளாஸ்டிக் ஸ்டாக்குகளில் இது சகஜம்.

கானகன்:
தாள் சிக்குகிறது! முனையில் இருந்து நாலு விரல் தள்ளி, இடப்பக்கம் கீழே. வலப்பக்கம் தாராளமாகப் போகிறது. ஸ்டாக்கைக் கழற்றிப் பார்த்தால் அதே இடத்தில் மரம் பளபளவென்று கறுத்திருக்கிறது, விரல் நகம் அளவுக்கு. மற்ற இடமெல்லாம் மரத்தின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரன்:
கிட்டத்தட்ட பிடித்துவிட்டீர்கள். இடப்பக்கம் கீழிருந்து மரம் தள்ளினால் பேரல் போகும் பக்கம் வலது மேல். உங்கள் குண்டுகள் ஏறும் பக்கமும் அதுவே. பேரல் சூடாகும்போது நீள்கிறது, கொஞ்சம் தடிக்கவும் செய்கிறது, அழுத்தம் மாறுகிறது, குண்டும் இடம் மாறுகிறது.

போன சீசனில் இல்லாதது இப்போது எப்படி வந்தது என்றால், மரம் ஈரத்தை இழுக்கும், விடும், அதற்கேற்பத் திருகும். ஸ்டாக்கின் வெளிப்பக்கம் பாலிஷ் போட்டிருப்பார்கள், பேரல் உட்காரும் உட்பள்ளத்தில் பூச்சு சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஈரம் உள்ளே போகும் வழி அதுதான்.

ஆனால் உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். தேய்த்த மரம் திரும்பி வராது. முதலில் திருப்பி எடுக்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பழைய ப்ளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து, ஆக்‌ஷனின் முன்பாகம் ஸ்டாக்கில் உட்காரும் இடத்துக்கும் பின்பாகம் உட்காரும் இடத்துக்கும் அளவாக இரண்டு துண்டு வெட்டி, ஸ்க்ரூ போக ஓட்டை போட்டு, அடியில் வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே தடிமன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்‌ஷன் வளையும். இப்போது பேரல் ஸ்டாக்கை விட்டு எழும்பி நிற்கும், தாள் தடையில்லாமல் போகும். ஸ்க்ரூ போதுமான மரை பிடிக்கிறதா, போல்ட் சரியாக மூடுகிறதா, சேஃப்டி வேலை செய்கிறதா, மேகசினில் இருந்து தோட்டா ஏறுகிறதா எல்லாம் பார்த்துவிட்டு ஐந்து குண்டு சுடுங்கள். ஏறுமுகம் நின்றால் காரணம் உறுதி. நிற்காவிட்டால் மரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, அடுத்ததைப் பார்க்கலாம்.

நெடுங்குழல்:
மேலே மேலே ஏறுவது என்றால் தோட்டாவின் வேக வேறுபாடாகவும் இருக்கலாமே? ஃபேக்டரி தோட்டாவில் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. க்ரோனோகிராஃபில் அளந்து பார்க்காமல் ஸ்டாக்கைக் குற்றம் சொல்வது அவசரம்.

தேன்மொழி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். 165 கிரெய்ன் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 100 மீட்டரைக் கடக்க 0.13 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பால் அது கீழிறங்குவதே 8 செ.மீ பக்கம்தான். வேகம் 20 மீட்டர் மாறினாலும் இந்த 8 செ.மீ-யில் சுமார் 5 சதவீதம், அதாவது 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். 100 மீட்டரில் 9 செ.மீ விரிவை இதை வைத்து விளக்க முடியாது. 300 மீட்டரில் சுடுபவருக்கு அதே வேறுபாடு 4 செ.மீ-யைத் தாண்டும், அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும். அதோடு, வேக வேறுபாடு இருந்தால் குண்டு மேலும் கீழுமாக மாறி மாறி விழும், வரிசையாக ஒரே திசையில் ஏறாது, வலப்பக்கமும் போகாது.

நெடுங்குழல்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். 100 மீட்டருக்கு அது பொருந்தாது.

கார்பன்கறை:
துடைத்துப் பார்த்தேன் என்கிறாரே, எப்படித் துடைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய்த்துணியை நாலு தடவை இழுத்துவிட்டால் கரி மட்டும் போகும், ரைஃப்ளிங்கில் (பேரலின் உள்ளே சுழலும் வரிகளில்) ஒட்டிய செம்பு போகாது. செம்பைக் கரைக்கும் சால்வென்ட் போட்டு, குறித்த நேரம் மட்டும் ஊறவிட்டு, வெள்ளைத்துணியை விட்டு இழுங்கள். நீலமாக வந்தால் இன்னும் செம்பு இருக்கிறது. துணி வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. வெண்கல ப்ரஷ் பயன்படுத்தினால் அந்த ப்ரஷ்ஷே நீலம் காட்டி ஏமாற்றும், நைலான் ப்ரஷ் போடுங்கள்.

வேங்கைமரம்:
இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. செம்பு சுத்தமாகப் போகும்வரை ஒவ்வொரு தடவையும் தேய்ப்பதால் பேரல் கெடுவதுதான் அதிகம். பல பேரல்கள் கொஞ்சம் அழுக்கோடுதான் சீராகச் சுடும். நன்றாகத் துடைத்த பேரலில் முதல் ஒன்றிரண்டு குண்டு வேறு இடத்தில் விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். க்ரூப் விரிய ஆரம்பித்தால் துடையுங்கள், அதுவரை கரியையும் ஈரத்தையும் எடுத்தால் போதும்.

பட்டறைக்காரன்:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீண்ட நாள் கவனிக்காத பேரலை ஒருமுறை முழுதாகச் சுத்தம் செய்து பார்ப்பது நல்ல சோதனை. அதை வாராவாரம் செய்வது தேவையில்லை. நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: முடிந்தவரை சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கத்தில் இருந்து ராடை விடுங்கள், போர் கைடு (ராடை நேராக வழிநடத்தும் குழாய்) போட்டு. பேரல் முனை வழியாக ராடை விட்டு உரசி உரசி க்ரௌனைக் கெடுத்த ரைஃபிள்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் பிசிறு இருந்தால் வாயு சமமாக வெளியேறாது, குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். பஞ்சு சுற்றிய காதுக்குச்சியைப் பேரல் முனைக்குள் விட்டு வெளிப்பக்கமாக இழுங்கள், சுற்றிலும். பஞ்சின் இழை எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு. மறுபடி க்ரௌன் வெட்டுவது நல்ல கன்ஸ்மித்துக்குச் சின்ன வேலை.

ஓடைக்கரை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் .223-யில் 55 கிரெய்ன் நன்றாக விழுகிறது, 69 கிரெய்ன் போட்டால் தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுகிறது, க்ரூப் என்றே சொல்ல முடியவில்லை. ட்விஸ்ட் 1:12. இதுவும் பெடிங் (ரைஃபிள் ஸ்டாக்கில் உட்காரும் விதம்) பிரச்சினையா?

தேன்மொழி:
இல்லை, இது ட்விஸ்ட். குண்டு நேராகப் பறக்காமல் தலை ஆடிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் தாளைக் கிழிக்கிறது. குண்டின் எடையை விட நீளம்தான் முக்கியம், நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 1879-ல் க்ரீன்ஹில் கொடுத்த சூத்திரம் இன்றும் தோராயமாகப் பயன்படும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்கவும். எல்லாம் அங்குலத்தில். வேகமான தோட்டாவுக்கு 150-க்குப் பதில் 180 போடுவார்கள். .224 விட்டம், 0.9 அங்குல நீளம் என்றால் விடை 10 அங்குலம் பக்கம் வரும். உங்களிடம் இருப்பது 12. எந்த ஸ்க்ரூவை இறுக்கினாலும் இது சரியாகாது. 55-லேயே இருங்கள், 69 வேண்டுமானால் 1:9 அல்லது அதைவிட வேகமான ட்விஸ்ட் கொண்ட பேரல் வேண்டும்.

ஓடைக்கரை:
தெளிவாகப் புரிந்தது, நன்றி.

கானகன்:
அட்டை வைத்துச் சுட்டேன். தாள் ரிசீவர் வரை தடையில்லாமல் போனது. ஐந்து குண்டு, 4 செ.மீ-க்குக் கொஞ்சம் மேல், ஏறுமுகம் இல்லை. அட்டையை எடுத்துவிட்டு மறுபடி சுட்டால் திரும்பவும் வலது மேலே ஏறுகிறது. திரும்ப அட்டை வைத்தால் நிற்கிறது. இனி சந்தேகம் இல்லை. இப்போது உப்புத்தாளை எடுக்கலாமா?

பட்டறைக்காரன்:
எடுக்கலாம். வைத்தும் எடுத்தும் இரண்டு பக்கமும் சோதித்தது மிகச் சரி. ஒரு தடவை நன்றாக விழுந்ததை வைத்து முடிவு கட்டியிருந்தால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம்.

பேரலை விடக் கொஞ்சம் தடிமனான உருளைக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தின் நீளவாக்கில் தேய்க்கவும். கறுத்த இடத்தை மட்டும் குடையாமல் சுற்றிலும் சீராக. ஆக்‌ஷன் உட்காரும் பகுதியைத் தொடவே கூடாது. அவ்வப்போது பூட்டித் தாளை விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தாளை மடித்து விட்டாலும் போக வேண்டும், மரம் மறுபடி திருகினாலும் தொடாத அளவுக்கு. முடிந்ததும் உட்பள்ளம் முழுவதும் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் அடுத்த மழைக்காலத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

பின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது என்றீர்களே, அதையும் விட்டுவிடாதீர்கள். டயல் கேஜின் முள்ளைப் பேரல் மேல் வைத்து, ஸ்டாக்கோடு பிடித்துக்கொண்டு, ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் நல்லது. அதைவிட நிறைய அசைந்தால் ஆக்‌ஷன் மரத்தில் சமமாக உட்காரவில்லை, வளைந்து உட்காருகிறது. அப்போது ரீகாயில் லக்கை (பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோக முனைப்பு)ச் சுற்றி எபாக்ஸி பெடிங் போட வேண்டும். ரிலீஸ் ஏஜென்ட் பூசாமல் ஆக்‌ஷனை எபாக்ஸியில் வைத்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டிவிடும், பழக்கமில்லை என்றால் கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

வேங்கைமரம்:
ஒரு சின்னச் சேர்க்கை. எல்லா ரைஃபிளுக்கும் பேரல் காற்றில் நிற்பதுதான் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில மெல்லிய பேரல்களுக்கு ஃபோர்எண்ட் முனையில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டிருப்பார்கள், பேரலை மேல்நோக்கிச் சீராக அழுத்த. அதைத் தேய்த்த பிறகு க்ரூப் மோசமானதும் உண்டு. இரண்டு பக்கமும் சமமாக, நடுவில் இருக்கும் மேடு வேறு, இவருக்கு வந்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் திருகி முட்டுவது வேறு. அட்டைச் சோதனையை முதலில் செய்யச் சொன்னதன் அருமை இங்கேதான்.

தொலைநோக்கி:
ஸ்கோப் என்று நான் சொன்னது இங்கே காரணமில்லை, சரி. இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். குண்டு செலவில்லாமல் ஸ்கோப்பைச் சோதிக்கலாம். ரைஃபிளை அசையாமல் பிடித்து வைத்து, 100 மீட்டரில் கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். மேலே 20 க்ளிக், வலது 20, கீழே 20, இடது 20. ஒரு க்ளிக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ) என்ற ஸ்கோப்பில் ஒவ்வொரு நகர்வும் 14.5 செ.மீ வர வேண்டும், கடைசியில் தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். அப்புறம், ரைஃபிளைத் தொடாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் அது பேரலாக்ஸ், கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் அதுவே க்ரூப்பை விரிக்கும்.

தேன்மொழி:
சுடுபவரையும் சோதித்துவிட வேண்டும். நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் நடுநடுவே டம்மி தோட்டா போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது பேரல் முனை கீழே குத்தினாலோ தோள் முன்னே தள்ளினாலோ அது ஃப்ளிஞ்ச். நல்ல ரைஃபிளையும் அது கெடுத்துக் காட்டும். மணல் மூட்டை ஃபோர்எண்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும், பேரல் எதன் மேலும் சாயக்கூடாது.

கானகன்:
தேய்த்து, வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகு பூட்டினேன். டயல் கேஜில் முள் அசைவு அளவுக்குள்தான் இருக்கிறது, பெடிங் இப்போதைக்குத் தேவைப்படவில்லை. அட்டை இல்லாமலே ஐந்து குண்டும் 4 செ.மீ-க்குள் வந்துவிட்டது. ஆனால் மொத்தக் க்ரூப்பும் பழைய இடத்தில் இருந்து கீழே, இடப்பக்கம் 5 செ.மீ தள்ளி விழுகிறது. அழுத்தம் போனதால்தானே? ஸ்கோப்பை இப்போதே திருத்திவிடலாமா?

பட்டறைக்காரன்:
ஆமாம், அழுத்தம் போனதால்தான். க்ளிக்கைத் திருப்பும் முன் முழு க்ரூப்பின் நடுப்புள்ளியை அளந்து எடுங்கள், ஏதோ ஒரு ஓட்டையை வைத்துத் திருத்தாதீர்கள். 5 செ.மீ என்றால் மேலே 7 க்ளிக், வலது 7. திருத்திய பிறகு ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, தலையில் ஒரு கோடு போட்டு வையுங்கள், தளர்ந்தால் கண்ணுக்கே தெரியும்.

தேன்மொழி:
அதோடு, வேறு வேறு நாட்களில் குளிர்ந்த பேரலில் முதல் குண்டை மட்டும் ஒரே தாளில் சுட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். காட்டில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான், அது எங்கே விழுகிறது என்பதை வைத்து ஸ்கோப்பை ஸீரோ செய்யுங்கள் (குறியும் குண்டும் ஒன்றுசேரப் பொருத்துங்கள்). மேசையில் இருந்து சுட்டது போதும், உட்கார்ந்தும் முட்டி போட்டும் சுட்டுப் பார்த்து, எந்தத் தூரம் வரை 15 செ.மீ வட்டத்துக்குள் தவறாமல் போடுகிறீர்களோ அதுதான் இந்த சீசனுக்கு உங்கள் எல்லை.

கானகன்:
அப்படியே செய்கிறேன். முதல் குண்டுத் தாள் நிறைந்ததும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.